தண்ணி இறங்காத காடு

மூன்று நாள் மழை வெறித்த மறுநாள் காலையில், விருதுநகரில் கௌசிகா நதிக்குக் கூப்பிடு தூரத்தில் நாங்கள் வாங்கிப் போட்டிருக்கும் ஐந்து சென்ட் மனையில், அஸ்திவாரத்துக்குத் துளை போட வந்த இயந்திரம் தன் பெரிய திருகாணியை மண்ணுக்குள்ளிருந்து மெல்ல மேலே இழுத்தது. முதலில் வந்தது எல்லோருக்கும் தெரிந்த கரிசல், அடுத்து வந்தது ஈரச் சிலேட்டு நிறத்தில் ஒன்று, ஆள் உயரத்துக்கும் கீழே போன பிறகு வந்த கட்டி, நீலமும் சாம்பலும் கலந்த நிறத்தில், நடுநடுவே துருப்பிடித்த ஆணியால் கீறிவிட்டதுபோல் செங்கோடுகளும், அங்கங்கே பால்பல் மாதிரி வெள்ளைச் சுக்காங்கற்களுமாக, வழவழவென்று என் செருப்புக்குப் பக்கத்தில் வந்து விழுந்தது. வாசனை அதற்குப் பிறகுதான் எழும்பியது. அழுகின முட்டை கொஞ்சம், கிணற்றடி இரும்பு கொஞ்சம், எருமை கிடந்து எழுந்த தண்ணீர் கொஞ்சம். காண்ட்ராக்டர் தம்பி மூக்கைச் சுளித்துக்கொண்டு, "இது சரியில்லாத மண்ணு டீச்சர், மேல தண்ணி நின்னா நின்னதுதான், கீழ ஒரு சொட்டு இறங்காது, பைல் போட்டாத்தான் கட்டடம் நிக்கும்" என்று, கூடப்போகிற செலவையெல்லாம் மண்ணின் குணக்கேட்டில் ஏற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். நான் பாதிதான் கேட்டேன். மீதிப் பாதி சொல்வதற்குள் என் தலைமுடிக்குள் யாரோ கையை விட்டு அலசத் தொடங்கிவிட்டார்கள்.

அப்பத்தாவின் கை அது. எங்கள் ஊர் சாத்தூருக்குக் கிழக்கே வைப்பாற்றங்கரையில் இருந்தது, 1970-களின் தொடக்கத்தில் அங்கே கழிந்த கோடை விடுமுறைகளில் வெள்ளிக்கிழமை என்றால் எனக்குக் கரம்பைக் குளியல். பங்குனி கடைசியில் கண்மாய் வற்றி, அடிச்சேறு காய்ந்து வெடித்து, ஓரம் சுருண்டு, வெயிலில் போட்ட அப்பளம்போலத் தட்டுத்தட்டாகக் கிடக்கும், ஆண்கள் அதை வண்டி வண்டியாக வெட்டிக் காட்டுக்கு அடிப்பார்கள், அப்பத்தா மட்டும் ஓலைப்பெட்டியோடு போய், மண்வெட்டி படாத இடமாகப் பார்த்து, மேலே சுருண்டிருக்கிற மெல்லிய தகட்டை மட்டும் உடையாமல் எடுத்து அடுக்கிக்கொண்டு வருவாள். கடைசியாக அடங்கின சேறுதான் மெல்லிசு, கனத்ததெல்லாம் முன்னாடியே கீழே போயிருக்கும் என்பது அவள் கணக்கு. வியாழக்கிழமை இரவே அது மண்கலயத்தில் ஊறும், விடியும்போது வெண்ணெய் மாதிரி ஆகியிருக்கும், அதைப் பழைய வேட்டித் துணியில் வடிகட்டி, என்னை முற்றத்துக் கல்லில் குத்தவைத்து உட்காரவைத்து, உச்சந்தலையில் ஒரு கை அப்பினாள் என்றால், அந்தக் குளிர்ச்சி காது வழியாக இறங்கிக் கழுத்துக்குப் போகும். தலை குளிரும், பேன் சாகும் என்பாள். முதலாவது உண்மை.

காயத் தொடங்கும்போதுதான் அவஸ்தை. கரம்பை காயக் காயச் சுருங்கும், சுருங்கும்போது ஒவ்வொரு மயிரையும் பிடித்து இழுக்கும், நெற்றித் தோல் மேலே ஏறிப் புருவம் தூக்கிக்கொள்ளும், அப்படியே ஆச்சரியப்பட்ட முகத்தோடு நான் திண்ணையில் உட்கார்ந்திருப்பேன், போகிற வருகிற கிழவிகளெல்லாம் அதைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போவார்கள். ஆற்று ஊற்றில் அலசி முடித்த பிறகும் அந்த வாசனை இரண்டு நாள் பின்னலுக்குள் இருக்கும். இன்றைக்கு என் பேத்தியின் குளியலறையில் ஒன்பது வகை ஷாம்பு பாட்டில் வரிசையாக நிற்கிறது, ஒன்றில்கூடத் தண்ணீரின் வாசனை கிடையாது.

அப்பத்தாவின் அந்தக் கணக்குத்தான் தாத்தாவின் காட்டுக்கும். ஆற்றுக்குப் பக்கத்து நிலம் என்றால் தண்ணீர் தானாக வடிந்துவிடும் என்று வெளியூர்க்காரர்கள் நினைப்பார்கள், நானும் பின்னால் பாடம் நடத்தப்போகும் வரைக்கும் அப்படித்தான் நினைத்திருந்தேன். வைப்பாறு பெருகிக் கரை தாண்டும்போது, கரையைத் தாண்டின உடனே தண்ணீரின் வேகம் செத்துவிடும், சுமந்து வந்த மணலை அங்கேயே போட்டுவிடும், அதனால் கரையோரம் கொஞ்சங்கொஞ்சமாக மேடாகும், மேட்டைத் தாண்டி உள்ளே போன கலங்கல் தண்ணீர், போக வழியில்லாமல் தேங்கி நின்று, நாள் கணக்கில் தெளிந்து, கையில் எடுத்தால் துகளே தெரியாத களியை மட்டும் அடியில் படியவிட்டு வற்றும். எத்தனையோ தலைமுறை வெள்ளம் இப்படிச் செய்த பிறகு, ஆற்றை ஒட்டியவனுக்குப் பொலபொலவென்ற மணல்வாகும், ஒரு பர்லாங்கு தள்ளி இருப்பவனுக்குத் தண்ணி இறங்காத களியும் வாய்க்கிறது. ஆற்று மணலில் கொடி போட்டவர்கள் சாத்தூர் வெள்ளரிப்பிஞ்சு என்று பெயர் வாங்கினார்கள், எங்கள் தாத்தாவுக்கு வாய்த்தது குழிக்காடு. அதன் பெயரே அதுதான், பத்திரத்தில் வேறு என்னவோ எழுதியிருந்தாலும்.

தாத்தா மண்ணைப் பார்க்கும் விதம் ஒன்று உண்டு. ஒரு சிட்டிகை எடுத்து, எச்சில் தொட்டுப் பிசைந்து, கட்டைவிரலால் ஆட்காட்டிவிரல் மேல் அதை மெல்லத் தள்ளி நீட்டுவார், ஓலைநறுக்கு மாதிரி அது நீண்டுகொண்டே போகும், மற்றக் காட்டு மண் அரை விரல் நீளத்தில் ஒடிந்துவிடும், குழிக்காட்டு மண் விரலைத் தாண்டித் தொங்கும். பிறகு அதில் கடுகளவு எடுத்து முன்பல்லில் வைத்துக் கடிப்பார். நெறுநெறுத்தால் மணல், வழுக்கினால் களி. ஆசிரியப் பயிற்சியில் மண்ணியல் புத்தகத்தைத் திறந்தபோது, அந்த ஓலைநறுக்குச் சோதனை ஏறக்குறைய அப்படியே படம் போட்டு இருந்ததைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வந்தது, எச்சிலுக்குப் பதில் தண்ணீர் என்று போட்டிருந்தார்கள், பல்லை விட்டிருந்தார்கள்.

அந்தப் புத்தகம்தான் கரிசலின் சூட்சுமத்துக்கு ஒரு பெயரும் சொன்னது, மாண்ட்மோரில்லோனைட், பிரான்ஸில் ஏதோ ஊரின் பெயரைத் தாங்கிய களிக்கனிமம். தாள்மேல் தாளாக அடுக்கின ஏடு, தண்ணீர் பட்டால் தாள்களுக்கு நடுவே புகுந்து ஏட்டையே உப்பவைக்கும், வெயில் பட்டால் வெளியேறிச் சுருங்கவைக்கும். சுத்தமான களி ஒரு கிராமில் இருக்கும் தாள்களையெல்லாம் பிரித்துப் பரப்பினால் சுமார் 700 சதுர மீட்டர் வரும் என்று படித்த அன்றைக்கு, பழக்கதோஷத்தில் அதைச் சென்ட்டில் மாற்றிப் பார்த்தேன், 17 சென்ட். ஒரு சிட்டிகை மண்ணுக்குள் 17 சென்ட் மனை, நான் வாழ்நாள் சம்பளத்தில் வாங்கியது ஐந்து. கறுப்பாக இருப்பதால் சத்து நிறைந்தது என்று நினைக்கக் கூடாது, அங்ககக் கரிமம் பெரும்பாலும் ஒரு சதவீதத்தைத் தொடாது, இந்தக் கறுப்பு மக்கின் பெருக்கத்தால் வந்ததில்லை என்பதும் அதே புத்தகத்தில் இருந்தது. தாத்தாவிடம் இதைச் சொல்லியிருந்தால், "அதுக்குத்தானே தாயி கரம்பை அடிக்கிறோம், ஆடு கிடை போடுறோம்" என்று முடித்திருப்பார். அப்போது அவர் இல்லை.

கோடையில் குழிக்காடு வெடித்துக் கிடக்கும். வெடிப்பு என்றால் மயிரிழைக் கீறல் கிடையாது, என் கால் உள்ளே போகும், கன்றுக்குட்டியின் கால் மாட்டிக்கொண்டால் ஒடிந்துவிடும், தாத்தாவின் தார்க்குச்சி கைப்பிடி வரை உள்ளே போய் அடி தட்டாது. ஆறு மூலையும் ஏழு மூலையுமாகக் கட்டங்கள், கட்டத்துக்குக் கட்டம் தாண்டித்தான் நடக்க வேண்டும், நடுமத்தியானத்தில் வெடிப்புக்கு மேல் முகத்தைக் கொண்டுபோனால் உள்ளேயிருந்து ஒரு குளிர்ந்த மூச்சு வரும், பானைக்குள் குனிந்ததுபோல. அப்படி ஒரு சித்திரை மத்தியானம், உடைமர நிழலில் குத்தவைத்து வெற்றிலைக்கு நுனி கிள்ளிக்கொண்டிருந்த தாத்தாவின் கையிலிருந்து பித்தளைச் சுண்ணாம்பு டப்பி நழுவியது. கட்டைவிரல் பருமன்தான் இருக்கும், மூடியில் தேய்ந்துபோன ஒரு பூ. கிண், கிண் என்று இரண்டு தடவை சத்தம் கேட்டது, மூன்றாவது கேட்கவில்லை.

நான் வயிற்றில் படுத்து உள்ளே பார்த்தேன், இருட்டுத்தான். வீட்டுக்கு வந்து சொன்னதும் அப்பத்தா, "கடப்பாரையப் போட்டு ரெண்டு குத்துக் குத்தி எடுக்க வேண்டியதுதானே, அது உங்கப்பா வச்சிருந்த டப்பி" என்று கத்தினாள். தாத்தா வெறும் வெற்றிலையை மென்றுகொண்டே, "எங்க போயிரும், உள்ள போனத ஒரு நாளைக்கு அதுவாவே மேல கொண்டாந்து போடும், அந்தக் காட்டுக்கு ஒளிச்சுவைக்கத் தெரியாது" என்றார், பிறகு அப்பத்தா உள்ளே போனதும் என் பக்கம் திரும்பி, "அங்க சுண்ணாம்பு ஏற்கெனவே கெடக்கு, டப்பிதான் இல்லாம இருந்துச்சு" என்று கண்ணைச் சிமிட்டினார். சுக்காங்கல்லைத்தான் சொன்னார். மழைத்தண்ணீரில் கரைந்து கீழே போக வேண்டிய சுண்ணாம்பு, போக வழியில்லாத அந்த மண்ணில் நடுவழியிலேயே உறைந்து கல்லாகிவிடும், வருஷா வருஷம் பொறுக்கி வரப்பில் போட்டாலும் அடுத்த கோடையில் அதே அளவு மேலே கிடக்கும். பொறுக்கினது எப்படித் திரும்ப வருகிறது என்று நான் கேட்டதற்கு, காடு புரண்டு படுக்கும்போது வரும் என்றார், விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று விட்டுவிட்டேன். கோடையில் மேல்மண் வெடிப்புக்குள் உதிர்ந்து நிரம்புகிறது, மழையில் மொத்த மண்ணும் உப்பும்போது இடம் போதாமல் பக்கவாட்டில் நெரிந்து அடிமண் மேலே தள்ளப்படுகிறது, இப்படித் தன்னைத் தானே புரட்டிக்கொள்கிற மண்ணுக்கு, புரளுதல் என்ற பொருளுள்ள லத்தீன் சொல்லை வைத்து வெர்டிசால் என்று பெயரிட்டிருக்கிறார்கள். பரீட்சைக்கு அதை மனப்பாடம் செய்துகொண்டிருந்த இரவில்தான், தாத்தா விளையாடவில்லை என்பது எனக்குத் தெரிந்தது.

மழைக்கு அந்தக் காட்டின் போக்கு தனி. எங்கள் மாவட்டத்துக்கு ஆண்டுக்குச் சுமார் 800 மில்லிமீட்டர் மழை, அதில் பெரும்பங்கு ஐப்பசி கார்த்திகையில் வரும். முதல் மழை அத்தனையும் வெடிப்புகளுக்குள் போய்விடும், வரப்பில் நின்றால் காடு மடக்மடக்கென்று குடிப்பது காதில் விழும், மழை நின்ற பிறகும் கொஞ்ச நேரம் குடித்துக்கொண்டிருக்கும். இரண்டாம் மழைக்கு வாய் சிறுக்கும், மூன்றாம் மழைக்கு ஒரு வெடிப்பு இருக்காது, தட்டிப் பூசின மாதிரி மூடிக்கொள்ளும், அதற்கப்புறம் விழுகிறதெல்லாம் மேலேயே நிற்கும், வானமும் கொக்கும் பனையும் அதில் தலைகீழாக நிற்கும். உள்ளே இறங்கினால் செருப்பு போச்சு, வண்டி இறங்கினால் அச்சு வரை புதையும், மாடுகள் காலைப் பிடுங்கும்போது சளக்கென்று ஒரு சத்தம் வரும், ஒவ்வோர் எட்டுக்கும் காலில் ஒட்டுகிற களி அரைக்கிலோ தேறும். தாத்தா மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு, சாக்கைக் கொங்காணியாக மடித்துத் தலையில் கவிழ்த்துக்கொண்டு, ஆற்றுப் பக்கம் வெட்டிவைத்த வடிகாலில் அடைத்த செத்தையை எடுத்துவிட்டு எடுத்துவிட்டு நிற்பார், ஒரு பகல் முழுக்க நின்றாலும் நாலு விரற்கடை வடியும்.

பருத்தி அதில் மூச்சுமுட்டிப் போகும். இலை முதலில் வெளுக்கும், பிறகு சிவக்கும், செடியைப் பிடுங்கினால் வேர் கறுத்து, நான் இன்றைக்கு மனையில் முகர்ந்த அதே வாசனை அடிக்கும். தண்ணீர் தேங்கிய மண்ணில் காற்று தீர்ந்துபோகும்போது, காற்றில்லாமல் வாழத் தெரிந்த நுண்ணுயிர்கள் இரும்பிலிருந்தும் கந்தகத்திலிருந்தும் தங்களுக்கு வேண்டியதைப் பிடுங்கிக்கொள்கின்றன, செவ்விரும்பு நீலச்சாம்பலாக நிறம் மாறுகிறது, கந்தகம் அழுகின முட்டையாக மணக்கிறது, வேர் போன துளை வழியே கொஞ்சம் காற்று நுழைந்த இடத்தில் மட்டும் இரும்பு மறுபடி துருவாகிச் செங்கோடு இழுக்கிறது. அந்தக் கோடுகளைக் காட்டித் தாத்தா, "இது கார்த்திக மட்டும் தண்ணி நின்ன எடம்" என்று, சித்திரை வெயிலில் காய்ந்த கட்டியை உடைத்துக் கையில் வைத்துக்கொண்டு சொல்வார், அவருக்கு அது போன வருஷத்துக் கணக்கு நோட்டு. கோரை எங்கே முளைத்திருக்கிறது, நண்டுவளை எந்த வரப்பில் இருக்கிறது என்பதெல்லாம் அதே நோட்டின் அடுத்த பக்கங்கள்.

ஆனால் மார்கழி பிறந்ததும் நிலைமை தலைகீழாகும். மேட்டுக்காட்டுக்காரர்கள் ஈரம் போய்விட்டதே என்று வானத்தைப் பார்க்கும்போது, குழிக்காட்டில் தண்ணீர் வடிந்து, கால் வைத்தால் புதையாமலும் கலப்பை வைத்தால் கட்டி எழாமலும் ஒரு பதம் வரும், ஒரு நாள், மிஞ்சினால் ஒன்றரை நாள், அதற்குள் ஏர் பூட்டியாக வேண்டும், தப்பினால் மண் கல்லாகிவிடும். தாத்தா அந்த இரண்டு இரவும் தூங்கமாட்டார், வரப்பிலேயே பீடியும் போர்வையுமாக இருப்பார். பதத்தில் விதைத்த கொத்துமல்லிக்கும் கொண்டைக்கடலைக்கும் அதன்பிறகு ஒரு சொட்டு மழை தேவையில்லை, கீழே பிடித்துவைத்த ஈரமும் மேலே பெய்கிற பனியும் போதும், மாசியில் மல்லி பூத்தால் ஊருக்குள் நுழையும்போதே எங்கள் காடு எந்தத் திசையில் இருக்கிறது என்று மூக்கு சொல்லும். தண்ணீரை இறங்கவிடாத அதே புத்திதான் தண்ணீரைப் போகவும் விடுவதில்லை. பருத்திக்கு எமனாக இருந்தது மல்லிக்குத் தாயாக இருந்தது, தாத்தா இரண்டுக்கும் சேர்த்துத்தான் அந்தக் காட்டைத் திட்டுவார்.

எங்கள் வீட்டுச் சுவருக்கும் அந்தக் குணம் இருந்தது என்பதை இடையில் சொல்லிவிடுகிறேன். அடுப்படிச் சுவரில் ஒரு விரிசல், சித்திரையில் திறக்கும், கார்த்திகையில் மூடும். அப்பத்தா பேன் சீப்பை அதில்தான் செருகிவைப்பாள், ஒரு வருஷம் ஐப்பசியில் எடுக்க மறந்துவிட்டாள், தை வரைக்கும் சுவர் அதைத் திருப்பித் தரவில்லை, பேன்களுக்கு அது நல்ல காலம்.

ஆடி கடைசி வெள்ளிக்கு இருக்கன்குடிக்கு நடந்தே போவோம். வைப்பாற்றுக்கும் அர்ச்சுனா நதிக்கும் நடுவில் மாரியம்மன் உட்கார்ந்திருக்கிற இடம் அது, ஆடி மாதம் இரண்டு ஆறும் மணலாகத்தான் கிடக்கும், வேப்பிலையும் மஞ்சளும் கரும்புச்சாறும் கலந்த வாசனையில் கூட்டம் ஆற்றுக்குள்ளேயே சமைத்துச் சாப்பிட்டுப் படுத்து எழும். சாணம் பொறுக்க வந்த ஒரு பெண் கீழே இறக்கிவைத்த கூடையைத் திரும்ப எடுக்க முடியாமல் போக, அங்கே தோண்டிப் பார்த்துத்தான் அம்மனைக் கண்டார்கள் என்பது ஊரறிந்த கதை. ஒவ்வொரு வருஷமும் அப்பத்தா எனக்கு அதைச் சொல்வாள், சொல்லிவிட்டு, "நம்ம பக்கத்து மண்ணு பிடிச்சா விடுமா" என்று தெய்வத்தின் மகிமையில் பாதியை மண்ணுக்குப் பிரித்துக் கொடுத்துவிடுவாள். தாத்தா கூட்டத்தில் எதுவும் பேசாமல் வருவார், சுண்ணாம்பை அப்போதெல்லாம் ஒரு தைலப் புட்டியில் வைத்திருந்தார்.

மாமா அந்த வெள்ளிக்குத்தான் சிவகாசியிலிருந்து வருவார். பட்டாசு ஆலையில் போர்மேனாக இருந்தார், எத்தனை தடவை துவைத்தாலும் அவர் சட்டையில் மருந்து வாசனை போகாது, கொடியில் காயப்போட்டால் அப்பத்தா, "யாருடா கண்மாச் சேத்தக் கொண்டாந்து தொங்கவிட்டது" என்பாள். கந்தகம் என்கிற ஒரே பொருள்தான் இரண்டு இடத்திலும் மணக்கிறது என்பது அவளுக்குத் தெரியாது, மூக்குக்குத் தெரிந்திருக்கிறது. மானாவாரியை நம்பிப் பிழைக்க முடியாத இந்தச் சீமையிலிருந்து, 1922-இல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழில் கற்றுத் திரும்பினார்கள், தீப்பெட்டிக்குப் பின்னால் பட்டாசு வந்தது, வறண்ட காற்று இரண்டுக்கும் தோதாக இருந்தது. விவசாயத்தைக் கெடுத்த வெயில் மருந்தைக் காயவைத்தது.

ஒரு ஐப்பசி விடுமுறையில் மாமா என்னைத் தன் ஆலைக்குக் கூட்டிப்போனார், கேட்டுக்கு உள்ளே இருக்கிற ஆபீஸ் திண்ணை வரைக்கும்தான். கரிசலுக்கு நடுவே ஒன்றுக்கொன்று எட்டாத தூரத்தில் சின்னச் சின்ன அறைகள், நாலு பக்கமும் வாசல், நடுநடுவே வேப்பமரம், யார் காலிலும் செருப்பு கிடையாது. அன்றைக்கு மழை தூறிக்கொண்டிருந்தது, காயவைக்கும் மேடைகள் வெறுமையாக நனைந்தன, பெண்கள் வேப்பமரத்தடியில் சேலைத் தலைப்பைப் போட்டுக்கொண்டு, மழை நாள் கூலி கிடையாது என்பதை ஒருவருக்கொருவர் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். ஒவ்வோர் அறை வாசலிலும் ஒரு தொட்டித் தண்ணீர், உள்ளே போகிறவர்கள் கணுக்கால் வரை கழுவித் துணியால் துடைத்துவிட்டுத்தான் போக வேண்டும். மருந்தில் ஒரு மணல் பொடி சேர்ந்தால் போதும், உரசலுக்கு அதுவே காரணம் என்று மாமா சொன்னார். "இந்த மண்ணு வழுக்குமே தவிர நெறுநெறுக்காது, ஆனா உள்ள சுக்காங்கல்லு இருக்கே, அது எமன்" என்றார், குனிந்து ஒரு பெண்ணின் கால் விரலிடுக்கிலிருந்து பட்டாணி அளவு வெள்ளைக்கல் ஒன்றை எடுத்துத் தூர எறிந்தார். தாத்தா பல்லில் வைத்துத் தேடியதை மாமா கால் விரலிடுக்கில் தேடினார். இப்போதைய ஆலைகளில் ரப்பர் விரிப்பும், உடம்பின் மின்சாரத்தைத் தரைக்கு அனுப்பத் தொட்டுவிட்டுப் போகச் செம்புத் தகடும் இருக்கின்றன, விபத்துச் செய்தியும் வந்துகொண்டுதான் இருக்கிறது. தொலைக்காட்சியில் அந்த ஊர்ப் பெயர்கள் ஓடும்போதெல்லாம் எனக்கு அந்த வாசல் தொட்டிதான் கண்ணில் நிற்கும்.

2022-இல், ஓய்வு பெறுவதற்கு முந்தைய ஆண்டு, எட்டாம் வகுப்புப் பிள்ளைகளை வெம்பக்கோட்டை அகழாய்வு பார்க்கக் கூட்டிப்போனேன். வைப்பாற்றின் வடகரையில் விஜயகரிசல்குளம் உச்சிமேடு, தொல்லியல் துறை அந்த ஆண்டுதான் அங்கே தோண்டத் தொடங்கியிருந்தது. நூல் பிடித்த மாதிரி சதுரமாக வெட்டின குழிகள், அவற்றின் சுவரில் ஒன்றன் கீழ் ஒன்றாக மண்ணின் நிறங்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு சீட்டுக் குத்தியிருந்தது. சங்கு வளையல் துண்டுகள், மணிகள், சுடுமண் பொருட்கள். மன்னார் வளைகுடாச் சங்கு இவ்வளவு தூரம் உள்ளே வந்திருக்கிறது, அதே கடலில் போய் விழுகிற ஆற்றின் கரைக்கு. மேடு என்பதால் மழைநாளிலும் கால் புதையாத இடம், தண்ணி இறங்காத களிக்கு நடுவே குடியிருக்க எது தோதான இடம் என்று அந்தக் காலத்துக்காரர்கள் பார்த்துத்தான் உட்கார்ந்திருக்கிறார்கள், இன்றைக்கு மனை பிரிக்கிறவர்கள் கூகுளில் பார்க்கிறார்கள்.

ஒரு பையன் கேட்டான், "மேல போட்டது எப்படி டீச்சர் அவ்வளவு கீழ போச்சு?" நான் புத்தகத்தில் இருக்கிற பதிலைச் சொன்னேன், ஒருவர் வாழ்ந்ததன் மேல் இன்னொருவர் வாழ்ந்து, அதன் மேல் மண் சேர்ந்து, அப்படி. சரியான பதில்தான். ஆனால் அந்தச் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தபோது, வெடிக்கிற மண்ணில் சின்னச் சாமான்கள் வரிசை தப்பிக் கீழே போவதும் மேலே வருவதும் உண்டு என்று படித்தது ஞாபகம் வந்து, கிண், கிண் என்று காதுக்குள் இரண்டு தடவை கேட்டது. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று பிள்ளைகளை வரிசையில் நிற்கச் சொன்னேன்.

தாத்தா செத்த பிறகு குழிக்காட்டைச் சித்தப்பா வைத்திருந்தார், 1990-களில் விற்றுவிட்டார், வாங்கியவர் உழவில்லை, வேலிக்கருவை முளைத்தது, இப்போது கல் ஊன்றிக் கொடி கட்டியிருக்கிறார்கள் என்று கேள்வி, நான் போய்ப் பார்க்கவில்லை. கண்மாயையும் வேலிக்கருவை பிடித்துவிட்டது. 2017-இல் அரசு கண்மாய் வண்டலை விவசாயிகள் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம் என்று உத்தரவு போட்டபோது நான் சந்தோஷப்பட்டேன், ஊருக்குப் போன ஒரு நாளில் பார்த்தால், அப்பத்தா தகடு எடுத்த இடத்தில் ஆள் ஆழத்துக்குப் பள்ளம், ஜேசிபி பல் போட்ட தடம் சுவரில் அப்படியே இருந்தது, டிப்பர் ஓட்டி வந்த பையனிடம் கரம்பை தலைக்குத் தேய்க்கிறது என்று சொன்னால், "முல்தானி மட்டியா அத்தை?" என்று கேட்டான்.

"டீச்சர், கேக்குறீங்களா?" என்றார் காண்ட்ராக்டர் தம்பி. கேட்கிறேன் என்றேன். அவர் சொன்னது சரியான யோசனைதான், மூன்றரை மீட்டருக்குக் கீழே மழையும் வெயிலும் எட்டாத ஆழம் வரை துளை போட்டு, அடியில் குமிழ்போல் அகலப்படுத்திக் கான்கிரீட் நிரப்புவது, மேலே ஓடுகிற பீமுக்கும் மண்ணுக்கும் நடுவில் கொஞ்சம் சந்து விடுவது, மண் உப்பினாலும் சுருங்கினாலும் அதன் வேலையை அது பார்க்கும், கட்டடம் அதன் வேலையைப் பார்க்கும். ரூர்க்கியில் உள்ள மத்திய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் கரிசல் தரைக்கென்று வகுத்துக் கொடுத்த முறை, நானும் படித்திருக்கிறேன். காலையில் செலவைக் கேட்டபோது இருந்த எரிச்சல் இப்போது இல்லை. சந்து விடச் சொன்னது எனக்குப் பிடித்திருந்தது. எடுத்த மண்ணை எல்லாம் சாயங்காலம் டிராக்டர் வந்து அள்ளிக்கொண்டுபோய் எங்காவது ஓடையில் தட்டிவிடும் என்றார், எதையும் அள்ள வேண்டாம், அந்த நீலக் கட்டிகளை மட்டும் வேம்புக்கு அடியில் குவித்துவையுங்கள் என்றேன். எதற்கு என்று அவர் கேட்கவில்லை, ஓய்வு பெற்ற டீச்சர்களைப் பற்றி அவருக்கு ஏற்கெனவே ஓர் அபிப்பிராயம் இருந்திருக்க வேண்டும்.

இயந்திரம் அடுத்த துளைக்கு நகர்ந்தது. நான் குடையின் நுனியால் கட்டிகளை ஒவ்வொன்றாகப் புரட்டிக்கொண்டிருந்தேன். ஒன்றைக் கையில் எடுத்து, யாரும் பார்க்காதபோது எச்சில் தொட்டுப் பிசைந்து கட்டைவிரலால் தள்ளினேன், விரலைத் தாண்டித் தொங்கியது. பல்லில் வைக்கத் தைரியம் வரவில்லை, பக்கத்தில் நதி என்று பெயர் வைத்துக்கொண்டு ஓடுவது ஊர்ச் சாக்கடை. மறுபடி குனிந்து புரட்டினேன். இது குழிக்காடு இல்லை, எனக்குத் தெரியும், அங்கிருந்து இங்கே முக்கால் மணி நேரப் பஸ் பயணம், வேறு ஆறு, வேறு வெள்ளம். இருந்தாலும் கண் தேடிக்கொண்டுதான் இருந்தது.

"என்ன டீச்சர், எதையும் தொலைச்சிட்டீங்களா?"

"சுண்ணாம்பு டப்பி" என்றேன், வாய் தவறித்தான் வந்தது. "பித்தளை. இத்தனாம் பெருசு இருக்கும். மூடியில ஒரு பூ."

நான் வெற்றிலை போடுகிறவளா என்று அவர் ஒரு நிமிஷம் என் வாயைப் பார்த்தார். பிறகு பேன்ட்டை முழங்கால் வரை மடித்துவிட்டுக்கொண்டு, சேற்றில் இறங்கி, கட்டிகளை இரண்டு கையாலும் பிட்டுப் பிட்டுப் பார்க்கத் தொடங்கினார், டிரைவரையும் ஒரு கை பிடிக்கச் சொன்னார். கொஞ்ச நேரம் கழித்து நிமிர்ந்து, களி அப்பின உள்ளங்கையை என் முன்னால் நீட்டினார், அதில் மூன்று நான்கு வெள்ளைச் சுக்காங்கற்கள் இருந்தன.

"சுண்ணாம்புதான் டீச்சர் கெடக்கு, டப்பியக் காணோம்" என்றார்.